கேரி தீவுக்குப் போன சேவல்

தன் குழந்தையின் உயிருக்காக ஒரு தாய் சாமியிடம் வாக்குக் கொடுக்கிறாள். குழந்தை பிழைத்துவிடுகிறது. இப்போது வாக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதே குழந்தையின் மனதை உடைத்தாக வேண்டும். அவள் யாருக்குக் கடன்பட்டவள்? சாமிக்கா, குழந்தைக்கா?

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அறிஞர்கள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் எதுவும் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த புஷ்பவல்லிக்கு உதவியிருக்கும் என்று தோன்றவில்லை. அவளுக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. எழுபத்து மூன்றாம் ஆண்டு அவளுடைய ஒரே மகள் பூமணி டைபாய்டு காய்ச்சலில் பெரிய ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். வயது ஏழு. நர்ஸ் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தபோது, கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு புஷ்பவல்லி வேண்டிக்கொண்டாள்.

“முனியாண்டி, இவளை எனக்குத் திருப்பிக் குடு. என் வீட்டுல, என் கையால வளர்த்த சேவலை உனக்குத் தர்றேன்.”

வேண்டுதல் அவ்வளவுதான். அதில் ஒரு தவறு இருந்தது. எல்லாரும் செய்வதுபோல ஒரு சேவல் என்று மட்டும் வேண்டியிருந்தால், பாசார் சந்தையில் வாங்கி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். பயத்தில் இருப்பவர்கள் சாமிக்குத் தேவைக்கு மேலேயே கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் வளர்த்த சேவல் என்று சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதுதான்.

பூமணி பிழைத்து வீடு வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். பள்ளிக்கூடம் போகக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. அதே வாரம் புஷ்பவல்லி ஒரு கோழிக்குஞ்சை வாங்கி வந்து, காலில் மஞ்சள் நூல் கட்டி, அடுப்படி மூலையில் அட்டைப்பெட்டிக்குள் விட்டாள். நேர்ந்துவிட்ட சேவலுக்குப் பெயர் வைக்கக் கூடாது, மடியில் வைத்துக் கொஞ்சக் கூடாது என்பது அந்தக் குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. படுக்கையில் தனியாகக் கிடந்த பிள்ளைக்கு அதை யார் போய்ச் சொல்வது? ஏன் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

குஞ்சு அட்டைப்பெட்டியிலிருந்து கட்டிலுக்கு வந்தது. கட்டிலிலிருந்து பூமணியின் தோளுக்கு ஏறியது. ஒருநாள் அவள் பின்கதவைச் சாத்தும்போது அதன் கால் சிக்கிக்கொண்டது. அப்பாவின் பழைய கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். புண் ஆறிவிட்டது. ஆனால் இடது கால் நடுவிரல் உள்பக்கமாக வளைந்தபடியே நின்றுவிட்டது. அப்படிச் செய்தது தான்தான் என்பதால் பூமணிக்கு அதன்மேல் பாசம் இன்னும் கூடியது.

கொண்டை சிவந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அது வாசலில் நடக்க ஆரம்பித்தபோது, ரயில்வே பட்டறையில் பிட்டராக வேலை பார்த்த அப்பா பக்கிரிசாமிதான் பெயரை ஆரம்பித்து வைத்தார்.

“இந்த நடையை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே. நம்ம ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி போட்டுக்கிட்டு பிளாட்பாரத்துல வர்ற மாதிரியே இருக்கு லா!”

“அப்பா, அதுக்கு அதான் பேரு. ஸ்டேஷன் மாஸ்டர்!”

“ஆனா ஒண்ணு. இது நேரத்துக்குக் கூவுது. அவரு வண்டி என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கு?”

பூமணி சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். புஷ்பவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் நாளைத் தள்ளிப்போட ஆரம்பித்தாள். தை போகட்டும் என்றாள். சித்திரைத் திருவிழா முடியட்டும் என்றாள். ரயில் பாதை ஓரத்தில் இருந்த முனியாண்டி கோயிலில் பூசாரி சின்னையா அவளைப் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார்.

“என்னம்மா, சேவல் கிழவனாகிப் பென்சன் வாங்கினப்புறம்தான் கொண்டு வருவியா?”

“வர்றேண்ணே. பிள்ளைக்கு இன்னும் உடம்பு தேறல.”

பிள்ளைக்கு உடம்பு நன்றாகத் தேறியிருந்தது. சேவலைத் துரத்திக்கொண்டு வரிசை வீடுகளின் முனைவரை ஓடினாள். அப்படி ஓடிவிட்டு வந்த ஒரு சாயங்காலம் அவளுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. மழையில் நனைந்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் மகளின் நெற்றியிலிருந்து கையை எடுத்தபோது புஷ்பவல்லியின் முகத்தில் ரத்தமே இல்லை என்று பக்கிரிசாமி பிற்பாடு சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. பூமணியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, புஷ்பவல்லி சேவலைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். அது மனிதர்களைக் கண்டு மிரளாத சேவல். கையில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

பள்ளியிலிருந்து வந்த பூமணி சேவலை மூடிவைக்கும் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். வாசலுக்கு ஓடினாள். அடுப்படிக்கு வந்தாள்.

“அம்மா, ஸ்டேஷன் மாஸ்டர் எங்க?”

“இராஜம்மா பெரியம்மா வந்தாங்கம்மா. கேரி தீவுக்குக் கொண்டுபோயிட்டாங்க. இங்க லோரி கீரி அடிச்சிட்டா என்ன செய்யறது? அங்க எஸ்டேட்டுல இடம் பெருசு. ஜாலியா இருக்கும்.”

பூமணி பள்ளிப் பையை இறக்கி வைத்தாள். பிறகு, “என்கிட்ட ஏன் சொல்லிட்டுப் போகல?” என்றாள்.

பெரியம்மாவைக் கேட்கிறாளா, சேவலைக் கேட்கிறாளா என்று புஷ்பவல்லிக்குத் தெரியவில்லை.

படையலில் இன்னொரு விதியும் உண்டு. யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவர்கள் அந்தக் கறியில் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வேண்டுதல் நிறைவேறியதாகாது. அன்று ராத்திரி சாப்பாட்டின்போது பக்கிரிசாமி வயிறு சரியில்லை என்று சொல்லி வெளியே போய் நின்றுகொண்டார். புஷ்பவல்லி சோற்றில் கறியைப் பிசைந்து மகளுக்கு ஊட்டினாள். பாசார் கோழி என்றாள். அழுது களைத்திருந்த பிள்ளை பசியோடு சாப்பிட்டது.

அடுத்த சில மாதங்கள் பூமணி, கேரி தீவு இருக்கும் கிள்ளான் பக்கம் யார் போனாலும் ஒரு பொட்டலத்தில் சோளம் கட்டிக் கொடுத்தாள். அது கூவுகிறதா, அங்கே அதற்குச் சிநேகிதர்கள் இருக்கிறார்களா, எஸ்டேட் நாய்கள் விரட்டுகின்றனவா என்று கேட்டாள். புஷ்பவல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாரித்தாள். பள்ளி விடுமுறை வந்தது. இனி தடுக்க முடியாது என்றானதும், ஒரு லோரிக்காரர் மூலம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

இராஜம்மா குறை வைக்கவில்லை. செம்பனைத் தோட்டத்து வீட்டு வாசலில் சிவப்புச் சேவல் ஒன்றைப் பிடித்து, காலில் மஞ்சள் நூலும் கட்டி, கூடைக்கடியில் தயாராக வைத்திருந்தாள்.

“வா கண்ணு! ஒன் மாஸ்டர் தினமும் ஒன்னத்தான் தேடறாரு. பாரு, தின்னுட்டுத் தின்னுட்டு எப்படிக் கொழுத்துட்டாரு!”

கூடையைத் தூக்கினாள். பூமணி முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கொண்டையைப் பார்த்தாள். பிறகு கால்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். புஷ்பவல்லி அந்த வளைந்த விரலை மறந்தேபோயிருந்தாள்.

“ஆமா பெரியம்மா,” என்றாள் பூமணி. “ஸ்டேஷன் மாஸ்டர்தான்.”

கொண்டுபோயிருந்த சோளத்தை அதன் முன் போட்டாள். திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். புஷ்பவல்லிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது.

திரும்பும் வழியில் எஸ்டேட் லோரியில் பூமணி வாந்தி எடுத்தாள். கிள்ளான் வரும்வரை எடுத்துக்கொண்டே வந்தாள். “லோரி ஆட்டம் பிள்ளைக்கு ஒத்துக்கல,” என்று புஷ்பவல்லி நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்தாள். அதற்குப் பிறகு பூமணி அந்தச் சேவலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுகின்றன என்று புஷ்பவல்லி அக்கம்பக்கத்தில் சொன்னாள். அதை அவள் மனதார நம்பினாள்.

பிறகு வருடங்கள் போயின. பக்கிரிசாமி நெஞ்சுவலியில் இறந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, செந்தூலிலேயே ஒரு அடுக்குமாடி வீட்டுக்குத் தாயும் மகளும் குடிபோனார்கள். புஷ்பவல்லி பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ப் பாலர் பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகளைச் சாப்பிட வைப்பதற்காகக் கதை சொல்வாள். சிங்கத்துக்கு ஒரு குரல், குரங்குக்கு ஒரு குரல், சிங்கத்தின் மாமியாருக்குத் தனிக் குரல். சின்னக் குரல் வேண்டுமென்றால், பக்கத்துத் துணிக்கடையில் வேலை பார்த்த பூமணி மத்தியான இடைவேளையில் வந்து கொடுப்பாள். பத்தொன்பது வயதிலும் அவளுக்குக் குழந்தைக் குரல்தான். தாயும் மகளும் நல்ல சிநேகமாக இருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்தக் குரல்களைக் கேட்டு வந்தவர் சாத்தப்பன். அதே தெருவில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். அவருடைய மகன் அந்தப் பாலர் பள்ளியில் படித்தான். தமிழில் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை என்பது சாத்தப்பனின் வருத்தம். எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் அவர் கைக்கு வந்திருந்தது. அதைத் தமிழில் பேசவைத்து கேசட்டாக வெளியிட நினைத்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வசனம் எழுதிக் கொடுத்தார். கடைக்கு மேலே சாமான் அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாய்த்து, நடுவில் ஒரு மைக்கை வைத்தார்கள். இயந்திரத்தைக் கவனித்தவர் சபாபதி. ரயில் வரும் சத்தம் கேட்டால் கையைத் தூக்குவார். எல்லாரும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

அந்தக் கார்ட்டூனைச் சிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஆட்கள் விறைப்பாக நடந்தார்கள். ஒரே பனிமரம் திரும்பத் திரும்ப வந்தது. இசை தேவையில்லாத இடத்திலெல்லாம் அழுதது. பனி நாட்டில் ஒரு சிறுமி, அவளுடைய அம்மா, ஒரு வாத்து. வாத்தியார் சிறுமிக்குச் செல்லி என்றும் வாத்துக்கு வெள்ளையன் என்றும் பெயர் வைத்திருந்தார். செல்லிக்குக் குரல் பூமணி, அம்மாவுக்குக் குரல் புஷ்பவல்லி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சின்னச் சின்னக் குறும்புக் கதைகள். மறக்கக்கூடியவை.

கடைசிக் கதை மட்டும் வேறு மாதிரி. வெள்ளையனுக்கு வயதாகிவிட்டது. ஒரு காலையில் செல்லி எழுந்து பார்க்கிறாள், கூடு காலியாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்கிறாள். அம்மா முழங்காலிட்டு உட்கார்ந்து, மகளின் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள்: “செத்துப்போச்சும்மா. இனிமே வராது.” அந்த முகத்தைச் சில நொடிகள் அப்படியே காட்டுகிறார்கள். பிறகு சொல்கிறாள்: “அழணும்னா அழு. நான் இங்கதான் இருக்கேன்.” வாத்தைப் புதைக்க வேண்டும். நிலம் பனியில் கல்லாக இறுகியிருக்கிறது. இருவரும் தரையில் தீ மூட்டி, மண் இளகும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு தோண்டுகிறார்கள். வசந்தம் வருகிறது. கூடு காலியாகவே இருக்கிறது. செல்லி அதன் பக்கத்தில் தனியாக விளையாடுகிறாள். புது வாத்து வரவில்லை. யாரும் அவளுக்கு வேறொன்றைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. படம் வரைந்தவர்களுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் அந்த ஓர் இடத்தில் என்ன செய்யக் கூடாது என்று தெரிந்திருந்தது.

சாத்தப்பனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. வசனத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

“இது வேணாங்கா. சின்னப் பிள்ளைங்க பாக்கறது. செத்துப்போச்சுன்னு பட்டுனு சொன்னா, ராத்திரி தூங்க மாட்டாங்க. அவங்க அம்மா அப்பா என்னைத்தான் வந்து ஏசுவாங்க.”

“பின்ன என்ன சொல்றதுங்க?” என்றாள் புஷ்பவல்லி.

“வெள்ளையன் தூர தேசத்துக்குப் பறந்து போயிடுச்சு, அங்க நல்லா இருக்கும், இப்படிப் பேசிடுங்க.”

சபாபதிதான் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“பாஸ், பறந்து போயிடுச்சு, சரி. அடுத்த சீன்ல குழி தோண்டறாங்களே, அதுக்கு என்ன சொல்றது?”

“உருளைக்கிழங்கு நடறாங்கன்னு சொல்லு லா.”

“தீ மூட்டறது?”

“அதைச் சுட்டுத் திங்கறதுக்கு!”

“நட்டதும் சுடறாங்களா? என்னா வேகமான கிழங்கு பாஸ்!”

சாத்தப்பனே சிரித்துவிட்டார். “டேய், சின்னப் பிள்ளைங்க இதெல்லாம் கவனிக்குமா? அம்மா சொன்னா நம்பிடும். அதுங்களுக்கு என்ன தெரியும்?”

“தெரியும் அங்கிள்,” என்றாள் பூமணி.

அவள் மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பேச்சை அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாத்தப்பன், “ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று விளையாட்டாகக் கேட்டார்.

“பிள்ளைங்களுக்குத் தெரியும் அங்கிள். தெரியாத மாதிரி இருப்பாங்க. அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு.” பிறகு அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்: “கேரி தீவுல இருந்த சேவலுக்கு எல்லா விரலும் நேராத்தான் இருந்துச்சு.”

ஆண்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. புஷ்பவல்லிக்குப் புரிந்தது. இத்தனை வருடங்களாகத் தான் மகளை ஏமாற்றிவிட்டதாக நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியைக் கொடுத்தது எட்டு வயதுப் பிள்ளை. செம்பனை வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒரு சேவலின் கால்களைப் பார்த்து, ஒரு முடிவெடுத்து, திரும்பிச் சிரித்திருக்கிறது. சாமிக்குக் கொடுத்த வாக்குக்குச் சேவல் போயிற்று. அந்த வாக்கின் மிச்சத்தை இந்தப் பிள்ளை யாருக்கும் தெரியாமல் சுமந்துகொண்டு வளர்ந்திருக்கிறது.

புஷ்பவல்லி மகள் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு லோரியில... வாந்தி எடுத்தியே.”

பூமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அது லோரியால இல்லம்மா.”

ரயில் ஒன்று வந்தது. சபாபதி பழக்கத்தில் கையைத் தூக்கினார். ஒன்றும் பதிவாகிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் அது கடந்து போகும்வரை நால்வரும் அப்படியே இருந்தார்கள். பாசார் கோழி என்று சொல்லி ஊட்டிய கை புஷ்பவல்லியின் மடியில் கிடந்தது. அதைத்தான் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பூமணி சொல்கிறாள்.

சாத்தப்பன் நல்ல மனிதர். என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். வசனத்தாளை மெதுவாக நீட்டினார்.

“சரிக்கா. வாத்தியாரு எழுதினதையே பேசுங்க. ஏச்சு வந்தா நான் வாங்கிக்கறேன்.”

புஷ்பவல்லி எழுந்து மகளுக்கு எதிரே நின்றாள். ஒரே மைக், இருவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிதான் இருந்தது. சபாபதி படத்தை ஓட்டினார். காலிக் கூடு. செல்லி திரும்புகிறாள்.

“அம்மா, வெள்ளையன் எங்க?” என்று பூமணி கேட்டாள்.

திரையில் அந்த அம்மா முழங்காலிட்டாள். புஷ்பவல்லி திரையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள்.

“செத்துப்போச்சும்மா. இனிமே வராது.”

தெளிவாகச் சொன்னாள். கதை சொல்லும்போது மாற்றிக்கொள்ளும் குரல்களில் ஒன்றாக அது இல்லை என்று சபாபதி சொல்கிறார். திரையில் அந்த முகம் சில நொடிகள் நின்றது. பிறகு அடுத்த வரிக்கு அதன் வாய் அசைந்தது. அழணும்னா அழு, நான் இங்கதான் இருக்கேன். தாளில் பெரிய எழுத்தில் இருந்தது. புஷ்பவல்லி அதைப் பேசவில்லை. உதடுகளை மூடிக்கொண்டு மகளைப் பார்த்தபடி நின்றாள். செல்லி அழ வேண்டிய இடம் வந்தது. பூமணி அழுதாள். சபாபதி நாடாவை நிறுத்தவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு சாத்தப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நல்லா வந்திருக்குக்கா. ஒரு வரிதான் விட்டுப்போச்சு. அதை மட்டும் இன்னொரு தடவை போட்டுடலாமா?”

“வேணாம் தம்பி.”

“அப்போ வேற யாரையாச்சும் வச்சு...”

“வேற யாரும் வேணாம். அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.”

கேசட் அப்படியேதான் வெளியே போனது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல வீடுகளில் அந்த இடம் வந்ததும் டி.வி. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து அப்பாக்கள் எழுந்து போய்த் தட்டிப் பார்த்தார்கள். முழங்காலிட்ட ஒரு தாயின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. சில பேர் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாத்தப்பன் காரணம் எதுவும் சொல்லாமல் வேறொரு கேசட்டைக் கொடுத்தனுப்பினார்.

ஆறுதல் சொல்ல உரிமை இல்லை என்று நினைத்தாளா? இத்தனை வருடம் தாமதமான ஆறுதல் இன்னொரு பொய் என்று தோன்றியதா? இல்லை, அந்த ஒரு வரியைத் தாளைப் பார்த்துப் படித்து மகளிடம் சொல்ல மனம் வரவில்லையா? எனக்குத் தெரியாது. ஊகிப்பது சுலபம் என்பதாலேயே ஊகிக்கத் தயக்கமாக இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சாத்தப்பன் அந்தக் கார்ட்டூனை மறுபடியும் வெளியிட்டார். இப்போது நல்ல ஸ்டூடியோ இருக்கிறது, அந்த ஒரு வரியைப் பேசிக் கொடுங்கள் என்று வீட்டுக்கே வந்து கேட்டார். பூமணியும் பக்கத்தில் இருந்தாள். புஷ்பவல்லி அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள், அவருடைய மகனின் படிப்பைப் பற்றி விசாரித்தாள், முடியாது என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.